உலக நம்பர் ஒன் என்றால் என்ன? அமித் பங்கலை வைத்துக் குத்துச்சண்டைத் தரவரிசையைப் புரிந்துகொள்வோம்

2020 பிப்ரவரி. காலைச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் செய்திகளுக்கெல்லாம் கீழே, நான்கைந்து வரியில் ஒரு துணுக்கு. ஆண்கள் குத்துச்சண்டை 52 கிலோ எடைப்பிரிவின் உலகத் தரவரிசையில் இந்தியாவின் அமித் பங்கல் 420 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்திருக்கிறார் என்று போட்டிருந்தார்கள். 2009-இல் விஜேந்தர் சிங் முதலிடத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு பத்தாண்டுகளாக எந்த இந்திய ஆண் வீரரும் எட்டிப் பிடிக்காத இடம் அது. அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

துணுக்கை அண்ணன் மகனிடம் காட்டினேன். அப்போது அவன் எட்டாம் வகுப்பு. படித்துவிட்டு நிமிர்ந்து, "சித்தப்பா, நம்பர் ஒன்னுன்னா இவரு உலகத்துல எல்லாரையும் அடிச்சிட்டாரா?" என்று கேட்டான்.

இல்லை. அதற்கு ஐந்து மாதம் முன்புதான் உலக சாம்பியன்ஷிப் இறுதிச் சண்டையில் அமித் தோற்றிருந்தார். அவரைத் தோற்கடித்தவர் தரவரிசையில் அவருக்குக் கீழே இருந்தார்! இதைச் சொன்னதும் பையனுக்குக் குழப்பம் கூடிவிட்டது. "அப்புறம் எதுக்கு இவரு ஃபர்ஸ்ட்?" என்றான். அன்று அவனுக்குச் சொன்னதையே, குத்துச்சண்டை பார்த்தே இராதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் குத்துச்சண்டை?

குத்துச்சண்டை என்றதும் நம்மில் பலருக்கும் முகமது அலியும் மைக் டைசனும்தான் நினைவுக்கு வருவார்கள். வெற்று மார்பு, 12 சுற்று, இடுப்பில் தங்கப் பட்டை. அது தொழில்முறைக் குத்துச்சண்டை. அங்கே பட்டம் கொடுக்கப் பல அமைப்புகள் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு பட்டியல் போடும். அதை இங்கே விட்டுவிடுவோம்.

அமித் ஆடுவது அமெச்சூர் குத்துச்சண்டை. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், உலக சாம்பியன்ஷிப் எல்லாம் இந்தப் பக்கம்தான் வரும். ஒரு சண்டைக்கு 3 சுற்று, சுற்றுக்கு 3 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு. ஒருவர் சிவப்பு உடை, மற்றவர் நீல உடை. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வென்றால் இரண்டு மூன்று நாளில் அடுத்த சண்டை. ஒரு தங்கத்துக்கு நாலைந்து பேரை அடுத்தடுத்துத் தாண்ட வேண்டும். அமெச்சூர் என்ற சொல்லுக்குப் பேச்சுவழக்கில் கற்றுக்குட்டி என்றொரு பொருள் ஒட்டிக்கொண்டது. அது இவர்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. பெரும்பாலானவர்கள் ராணுவத்திலோ ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலையில் இருந்துகொண்டே ஆண்டு முழுவதும் பயிற்சி செய்கிறவர்கள். அமித்தும் ராணுவ வீரர்தான்.

நம் ஊருக்கும் இந்த விளையாட்டு அந்நியமானது இல்லை. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய காலம் ஒன்று இருந்தது. அங்கே எழுதி வைத்த தரவரிசை எதுவும் கிடையாது. யார் பெரிய ஆள் என்பதை ரிங்கும் ஊர்வாயும் சேர்ந்து முடிவு செய்தன. அந்தச் சென்னையிலிருந்து போன தேவராஜன் 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அமித்தைக் கொண்டாடும்போது அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நியாயம்.

எடைதான் எல்லாம்

குத்துச்சண்டையில் "உலகின் முதல் வீரர்" என்று ஒரே ஒருவர் கிடையாது. ஒவ்வொரு எடைப்பிரிவுக்கும் ஒரு முதல் வீரர் உண்டு. 52 கிலோ பட்டியல் வேறு, 75 கிலோ பட்டியல் வேறு. ஆகவே தரவரிசைச் செய்தி வந்தால் முதலில் தேட வேண்டியது எடையைத்தான்.

எடை எவ்வளவு கறாரான விஷயம் என்பதற்குப் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்துக்கு நடந்ததே போதும். மல்யுத்த இறுதிச் சண்டை அன்று காலை 100 கிராம் கூடியதால் பதக்கமே போனது. குத்துச்சண்டையிலும் சண்டை இருக்கும் நாளின் காலையில் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். முந்தின நாள் வென்ற களைப்பில் ஒரு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட முடியாது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பார்கள்.

எடைப்பிரிவு மாறினால் சேர்த்து வைத்ததெல்லாம் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேரி கோம் 2018 நவம்பரில் டெல்லியில் தன் ஆறாவது உலகப் பட்டத்தை 48 கிலோவில் வென்றார். 2019 ஜனவரியில் அந்த எடையின் தரவரிசையில் முதலிடமும் வந்தது. ஆனால் 48 கிலோ அப்போது ஒலிம்பிக்கில் இல்லை. டோக்கியோவுக்குப் போக வேண்டுமானால் 51 கிலோவுக்கு ஏற வேண்டும். முதலிடத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த முதலிடம் செல்லாத இன்னொரு வரிசையில் போய் நிற்க வேண்டிய நிலை அவருக்கு.

அமித்துக்கும் அதேதான் நடந்தது. அவர் 49 கிலோ வீரர். ஆண்களுக்கான 49 கிலோவை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2019-இல் அவர் 52-க்கு மாறினார். மூன்று கிலோதானே என்று தோன்றும். ஐந்தடியைக் கொஞ்சமே தாண்டிய உயரம் அவருக்கு. 52 கிலோவில் எதிரே நிற்பவர்கள் பலரும் அவரைவிட உயரம், கை நீளம் அதிகம். எட்டி நின்றே அவர்களால் குத்த முடியும். அமித் தன் குத்தை இறக்க வேண்டுமென்றால் அவர்கள் குத்துகளின் ஊடாகவே உள்ளே போக வேண்டும். இப்படி எடை மாறி ஒரே ஆண்டுக்குள் அந்த எடையின் முதலிடத்துக்கு வந்தார் என்பதுதான் அந்தத் துணுக்குச் செய்தியில் இல்லாமல் போன விஷயம்.

ஒரு சண்டை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

தரவரிசைப் புள்ளிகள் வெற்றிகளிலிருந்து வருகின்றன. அந்த வெற்றியை யார், எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு மாலைப் பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி தன் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் ஒரு கண்ணி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் குறுக்கும் நெடுக்கும், கடைசியில் முஷ்டியின் முட்டிகள் மேல் தடிமனாக நாலு சுற்று. ஐந்து நிமிடம் ஆனது. பயிற்சியாளர் வந்து அவள் முட்டிகளைத் தட்டிப் பார்த்து, "இந்த எடம்தான் பேசணும், மத்த எதுவும் பேசக்கூடாது" என்றார்.

அந்த ஒரு வரியில் பாதி விதிமுறை இருக்கிறது. கையுறையின் முட்டிப் பகுதியால், எதிராளியின் தலையின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ, அல்லது இடுப்புக்கு மேலே உடம்பின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, தடுக்கப்படாமல் சுத்தமாக இறங்கும் குத்துக்குத்தான் மதிப்பு. உள்ளங்கையால் அறைவது, கையுறையின் ஓரத்தால் தட்டுவது, எதிராளியின் தோளிலும் கையிலும் படுவது எல்லாம் கணக்கில் வராது. பார்வையாளர்கள் ஆர்ப்பரிக்கும் குத்துகளில் பாதி இப்படிக் கையில் பட்டுச் சிதறுகிறவைதான்.

ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், அதில் மேலோங்கி நின்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போடுவார்கள். ஆட்டம் முழுக்க ஒருபக்கமாகப் போனால் 8. எத்தனை தரமான குத்துகள் இறங்கின, யார் உத்தியாலும் திறமையாலும் ஆட்டத்தைத் தன் பிடியில் வைத்திருந்தார், யார் விடாமல் போராடினார் என்பதைப் பார்த்துத்தான் அந்த எண் விழும். மூன்று சுற்றையும் கூட்டி, நடுவர் ஒவ்வொருவரும் ஒரு வெற்றியாளரைக் காட்டுவார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். "4-1 என வென்றார்" என்று படித்துவிட்டு, ஏதோ கால்பந்தில் கோல் போட்ட மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். நான்கு நடுவர்களின் கணக்கில் இவர் வென்றார், ஒருவர் கணக்கில் அவர் வென்றார் என்பதுதான் அதன் பொருள். 3-2 என்றால் ஒரே ஒரு நடுவர் மாற்றி நினைத்திருந்தால் முடிவே மாறியிருக்கும். 5-0 வந்தாலும் எதிராளி ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகாது. மூன்று சுற்றும் இழுபறியாகப் போய், ஐந்து பேருக்கும் ஒருவர் மயிரிழை மேலாகத் தெரிந்திருக்கலாம்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அமித்தின் கடைசி இரண்டு சண்டைகளும் 3-2. அரையிறுதியில் பிலிப்பைன்ஸின் கார்லோ பாலம். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மாதோவ், ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அந்தத் துஸ்மாதோவிடம் 2017-இல் ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் அமித் தோற்றிருந்தார். இருவருமே இடக்கை வீரர்கள். ஆளை முதலில் கைநீட்ட வைத்து, அந்தக் கை திரும்பிப் போவதற்குள் தன் இடக்கையை உள்ளே நுழைத்துவிட்டு விலகுவது அமித்தின் பழக்கம். மூன்றாவது முறை அது பலித்தது. நடுவர்கள் மூன்று பேர் அமித் பக்கம், இரண்டு பேர் அவர் பக்கம். தங்கம்.

புள்ளிகள் எப்படிச் சேர்கின்றன?

சரி, இப்போது தரவரிசைக்கு வருவோம். கணக்கு முறை அமைப்புக்கு அமைப்பு, காலத்துக்குக் காலம் மாறும். அடிப்படை மட்டும் ஒன்றுதான். குறிப்பிட்ட சில பெரிய போட்டிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எவ்வளவு தூரம் போனாய் என்பதற்குப் புள்ளி கொடுப்பார்கள். உலக சாம்பியன்ஷிப்புக்கு அதிகம், ஆசிய சாம்பியன்ஷிப் போல ஒரு கண்டத்துக்குள் நடக்கும் போட்டிகளுக்கு அதைவிடக் குறைவு. பழைய வெற்றியின் மதிப்பு காலம் ஆக ஆகத் தேயும், பிறகு கணக்கிலிருந்தே போய்விடும். ஊர்ப் போட்டிகளில் எத்தனை பேரைச் சாய்த்தாலும் இந்தக் கணக்கில் ஏறாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உலகத் தங்கத்துக்கு 100, வெள்ளிக்கு 75, ஆசியத் தங்கத்துக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். முருகன் உலகத் தங்கம் வென்றார், ஆசியப் போட்டிக்கு வரவில்லை. அவருக்கு 100. வேலன் உலக இறுதியில் முருகனிடம் தோற்று வெள்ளி வாங்கினார், ஆனால் அதே ஆண்டு ஆசியத் தங்கம் வென்றிருந்தார். அவருக்கு 125. தரவரிசையில் வேலன் மேலே, முருகன் கீழே. நேருக்கு நேர் மோதியதில் வென்றவர் முருகன். இரண்டுமே உண்மை.

அண்ணன் மகன் குழம்பிய இடம் இதுதான். "ஒரு நாள் பெரிய ஆளா இருக்கிறது வேற, வருஷம் முழுக்க பெரிய ஆளா இருக்கிறது வேற" என்று சொன்னதும் அவனுக்குப் பிடிபட்டது. பள்ளியில் ஒரு தேர்வில் முதல் மதிப்பெண் எடுப்பவனும், ஆண்டு மொத்தத்தில் முதலாவதாக வருபவனும் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லையே.

விஜேந்தர் கதையும் இப்படித்தான். ஹரியானாவின் பிவானியிலிருந்து வந்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோவில் வெண்கலம், அது குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2009 மிலான் உலக சாம்பியன்ஷிப்பிலும் வெண்கலம். அங்கே அரையிறுதியில் அவரை வென்ற உஸ்பெகிஸ்தானின் அப்போஸ் அதோயேவ்தான் தங்கமும் வென்றார். ஆனால் அந்த மாதமே தரவரிசையில் முதலிடம் விஜேந்தருக்கு! அதோயேவ் 2007-இல் உலக சாம்பியன் ஆனது 81 கிலோவில். விஜேந்தரோ தொடர்ந்து 75-இலேயே நின்று ஒவ்வொரு பெரிய போட்டியிலும் புள்ளி சேர்த்தவர்.

அமித்தின் 420 புள்ளிகளுக்குப் பின்னால் நின்றது

ரோத்தக் பக்கத்தில் மைனா என்றொரு கிராமம். விவசாயக் குடும்பம். அண்ணன்தான் முதலில் குத்துச்சண்டைக்குப் போனவர், தம்பியையும் கூட்டிப் போனவரும் அவரே. அனில் தன்கர் என்ற பயிற்சியாளரிடம் தொடங்கியது பயணம்.

52 கிலோவுக்கு மாறிய சில மாதங்களில், 2019 ஏப்ரலில் பாங்காக்கில் ஆசிய சாம்பியன்ஷிப். காலிறுதியில் எதிரே வந்தது யார்? அதே துஸ்மாதோவ், அவரும் எடை மாறியிருந்தார். அமித் மறுபடியும் வென்றார். அரையிறுதியில் சீனாவின் ஹூ ஜியான்குவான், இறுதியில் கொரியாவின் கிம் இன்கியூ. தங்கம்.

அடுத்து செப்டம்பரில் ரஷ்யாவின் யெகாட்டரின்பர்க்கில் உலக சாம்பியன்ஷிப். காலிறுதியில் கார்லோ பாலம், அரையிறுதியில் கஜகஸ்தானின் சாகென் பிபோசினோவ். பிபோசினோவுடன் 3-2. அதுவரை இந்திய ஆண்கள் யாரும் உலக சாம்பியன்ஷிப்பில் அரையிறுதியைத் தாண்டியதில்லை, எல்லாமே வெண்கலம்தான். அமித்தான் முதன்முதலில் இறுதிச் சண்டைக்கு ரிங்கில் ஏறினார். எதிரே ரியோ ஒலிம்பிக் சாம்பியன் ஷாகோபிதின் ஜோயிரோவ், அவரும் உஸ்பெக். 5-0 என ஜோயிரோவ் வென்றார். கழுத்தில் வெள்ளியோடு அமித் நின்ற படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமே வரவில்லை. இந்திய ஆண்கள் குத்துச்சண்டையில் அதற்கு முன் அப்படி ஒரு படமே கிடையாது.

அந்த வெள்ளியும் ஆசியத் தங்கமும் இருந்ததால்தான் அடுத்த பிப்ரவரியில் ஜோயிரோவுக்கும் மேலே அவர் பெயர் வந்தது.

எண்ணால் என்ன பயன்?

தரவரிசை ஏற்றத்தால் கைக்குக் கிடைப்பது சீடிங். இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு போட்டியில் 32 பேர் கலந்துகொள்கிறார்கள் என்று வையுங்கள். யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். எல்லாவற்றையும் குலுக்கலிடமே விட்டால் உலகின் முதல் இரண்டு பேர் முதல் நாளே மோதி, ஒருவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அது நடக்காமலிருக்கத் தரவரிசையில் மேலே இருப்பவர்களை அட்டவணையில் தள்ளித் தள்ளி உட்கார வைப்பார்கள். முதல் ஆள் ஒரு பாதியில், இரண்டாம் ஆள் மறு பாதியில். இறுதியில்தான் இருவரும் சந்திக்க முடியும். ஆட்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மேலே இருப்பவர்கள் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. ஒரு சண்டை குறைகிறது என்றால் உடம்பில் அவ்வளவு அடி குறைகிறது என்று பொருள்.

இது இல்லாதவருக்கு என்ன ஆகும் என்பதற்கு நிகத் ஜரீனைப் பார்த்தால் போதும். தெலங்கானாவின் நிஜாமாபாத்துப் பெண். 2022-இல் இஸ்தான்புல்லிலும் 2023-இல் டெல்லியிலும் உலக சாம்பியன். பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 கிலோ பிரிவுக்கு அவர் போனபோது சீடிங் பட்டியலில் அவர் பெயர் இல்லை. விளைவு, ஜெர்மனி வீராங்கனையை வென்ற கையோடு, இரண்டாவது சண்டையிலேயே முதல் சீடு பெற்றிருந்த சீனாவின் வூ யூ எதிரே வந்துவிட்டார். வூ யூ அப்போதுதான் தன் முதல் சண்டையை ஆடுகிறார், உடம்பில் களைப்பே இல்லை. நிகத் தோற்றார். வூ யூ தங்கம் வென்றுவிட்டுப் போனார். சீடிங் இருந்திருந்தால் நிகத் வென்றிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சண்டை அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்று மட்டும் சொல்லலாம். காலிறுதிக்கு முன்பே இரண்டு உலக சாம்பியன்கள் மோத நேர்ந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இதே சீடிங்குக்காகத்தான் 2020-இல் அமித்தின் தரவரிசையும் வெளியிடப்பட்டது. 2020 மார்ச்சில் ஜோர்தானின் அம்மானில் ஆசிய-ஓசியானிய ஒலிம்பிக் தகுதிப் போட்டி. முதல் சீடாகப் போன அமித் காலிறுதியில் மறுபடியும் கார்லோ பாலத்தைச் சந்தித்தார், வென்றார், டோக்கியோவுக்கு இடம் பிடித்தார்.

அப்புறம் டோக்கியோ

இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2021 ஜூலை 31 அன்று முதல் சீடு அமித் தன் முதல் சண்டையிலேயே கொலம்பியாவின் யூபெர்ஜென் மார்டினெஸிடம் 1-4 எனத் தோற்றார். மார்டினெஸ் ரியோவில் வெள்ளி வென்றவர். அன்று இடைவிடாமல் முன்னேறி முன்னேறிக் குத்திக்கொண்டே இருந்தார். முதல் சுற்றில் ஈடுகொடுத்த அமித்துக்கு அடுத்த சுற்றுகளில் மூச்சுவாங்க இடமே கிடைக்கவில்லை. அன்று மாலையே பலர், "இவரா நம்பர் ஒன்?" என்று எழுதத் தொடங்கினார்கள். மனசு கஷ்டமாக இருந்தது.

அந்த ஒலிம்பிக்கின் 52 கிலோ பட்டியலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். வெள்ளி வென்றவர் கார்லோ பாலம். ஜகார்த்தா, யெகாட்டரின்பர்க், அம்மான் என மூன்று முறை அமித்திடம் தோற்றவர். அந்தப் பாலம் காலிறுதியில் வென்றது யாரை? ஜோயிரோவை. தங்கம் வென்றவர் இங்கிலாந்தின் கலால் யாஃபாய், 2018 காமன்வெல்த் இறுதியில் 49 கிலோவில் அமித்தை வென்றவர். ஆக இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம்தான். ஒருவரை ஒருவர் மாறி மாறி வென்றுகொண்டே இருப்பவர்கள். அந்த உச்சியில் நிற்கும் ஏழெட்டுப் பேருக்குள் இடைவெளி ஒரு நடுவரின் ஒரு சுற்றுக் கணக்கு அளவுதான். 420 புள்ளிகள் சொன்னது, அந்த ஏழெட்டுப் பேரில் அதுவரை அதிகம் சேர்த்தவர் இவர் என்பதை. அடுத்த ஆண்டு ஜூலையில் என்ன நடக்கும் என்று அது சொல்லவே இல்லை. நாம்தான் அதைச் சோசியமாக எடுத்துக்கொண்டோம்.

பட்டியலை யார் போடுகிறார்கள்?

இதில் கொஞ்சம் குழப்பம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946 முதல் உலக அமெச்சூர் குத்துச்சண்டையை ஐபா என்ற சர்வதேசச் சங்கம் நடத்தி வந்தது. விஜேந்தரின் முதலிடமும் மேரி கோமின் முதலிடமும் அது வெளியிட்ட பட்டியல்களில் வந்தவை. நிர்வாகக் குளறுபடிகளால் 2019-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை ஒதுக்கிவைத்து, டோக்கியோவுக்காகத் தனியே ஒரு பணிக்குழு அமைத்தது. அமித்தை முதலிடத்தில் வைத்தது அந்தப் பணிக்குழு. 2023-இல் பழைய அமைப்பின் அங்கீகாரம் முழுவதுமாகப் போனது. அதே ஆண்டு வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய அமைப்பு தொடங்கியது. 2024-இல் இந்தியா அதில் சேர்ந்தது, 2025-இல் ஒலிம்பிக் கமிட்டி அதற்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்தது. ஆகவே இப்போது ஒரு தரவரிசைச் செய்தி வந்தால் யார் போட்ட பட்டியல் என்றும் பாருங்கள். பழைய அமைப்பும் தன் பங்குக்குப் போட்டிகள் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

புதிய அமைப்பின் உலக சாம்பியன்ஷிப் 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்தது. 57 கிலோவில் ஜாஸ்மின் லம்போரியா தங்கம், இறுதியில் அவர் வென்றது பாரிஸில் வெள்ளி வாங்கிய போலந்தின் யூலியா ஷெரெமெத்தாவை. 48 கிலோவில் மீனாட்சி ஹூடா தங்கம். இந்த இரண்டு பெயர்களையும் மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாஸ்மினின் 57 கிலோ ஒலிம்பிக் எடை. மீனாட்சியின் 48 பாரிஸில் இல்லை, அங்கே 50-தான் தொடக்கம். மேரி கோமும் அமித்தும் சந்தித்த அதே எடைச் சிக்கல் அவருக்கும் முன்னால் நிற்கிறது. 48 கிலோவில் அவர் சேர்க்கும் புள்ளிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

அண்ணன் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். குத்துச்சண்டை என்றால் எனக்கு முன்னால் அவனே செய்தி அனுப்புகிறான். 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் 51 கிலோ இறுதிச் சண்டையை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். டோக்கியோ முடிந்து ஓராண்டு. நான்கு ஆண்டு முன்பு ஓர் ஆங்கிலேயரிடம் தோற்று வெள்ளியோடு திரும்பிய அமித், இந்த முறை இங்கிலாந்திலேயே, அந்த ஊர்க் கூட்டத்துக்கு நடுவில், அவர்கள் வீரர் கியாரன் மெக்டொனால்டைச் சந்தித்தார். நடுவரின் கை அமித்தின் கையைத் தூக்கியபோது திரையில் 5-0 என்று வந்தது. "அஞ்சு பேருமே நம்ம பக்கம், சித்தப்பா" என்றான்.